ராஜாவைப் பல்லைக் காட்டச் சொன்னவர்கள்

அன்பு மாறாத இன்னாசி அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு நம் ஊரில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிக முக்கியமானதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். இந்த ஆண்டு அறுவடை முடிந்ததும் நம் தேவாலயப் பங்கின் ஆலோசனைக் குழு கோவில் மண்டபத்தில் கூடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை விவாதித்து, ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. இனி மண்டபத்தில் ஆடும் எந்த ஆட்டத்திலும் பகடை உருட்டக் கூடாது. புளியங்கொட்டை உருட்டிக்கொள்ளலாம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் செயலாளர் சவரிமுத்து அண்ணன். தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றும் இன்னும் ஓயாதவர். சிலுவையடியில் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் இயேசுவின் அங்கிக்காகப் பகடை உருட்டினார்களே, அந்தக் காரியத்தை ஆலய வளாகத்தில் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி. புளியங்கொட்டையில் அந்தப் பாவம் இல்லை. சிப்பாய்களிடம் புளியங்கொட்டை இருந்திருக்காது. தீர்மானம் வாசிக்கப்பட்டதும் ஒருவர் எழுந்து நின்றார். உடனே எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தவர் வெற்றிலை துப்பப் போவதற்காக எழுந்தவர்.

எந்த ஆட்டம் என்று கேட்பீர்கள். உங்கள் மகள் ரீட்டா உண்டாக்கிய ஆட்டம். அதில் ராஜா உண்டு, சூனியக்காரி உண்டு, மாயக் கோட்டை உண்டு. எல்லாம் சேர்ந்து, நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பதைப் பற்றியது.

அன்று நடந்ததன் நடுவில் இருந்தவர் நீங்கள். ஆனால் சுற்றி என்ன நடந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் விஷயமே.

ரீட்டாவின் நிச்சயதார்த்தம். திருத்துறைப்பூண்டியில் ஏசி மண்டபம். நான் திருவையாற்றில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு, கடைசியில் நேரே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஆனாலும் மண்டபத்தில் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். ஏனென்றால் அங்கே இருந்த எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள்.

தாம்பாளம் மாற்ற எழுந்தீர்கள். இடது கைப் பக்கம் தட்டு சரிந்து, ஆப்பிளும் சாத்துக்குடியும் தரையில் உருண்டன. பெண்ணைக் கொடுக்கிற அப்பாவுக்குக் கை நடுங்கத்தானே செய்யும் என்று நம் பக்கத்தில் நெகிழ்ந்தார்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தீர்கள். சொல் குழைந்தது. உதடு ஒரு பக்கமாக இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மா லூர்துமேரி, பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்மணி, பக்கத்தில் இருந்த தங்கையிடம் சொன்னார்:

"பொண்ணோட அப்பா காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு போலருக்கு."

மெதுவாகத்தான் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ரசத்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவர் நீங்கள். அது நம் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். "அவர் குடிக்க மாட்டாரே, அப்படியானால் இது என்ன?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள், கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலையாகிவிட்டது. கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். தெளியட்டும் என்று மோர் கொடுத்தார்கள். அது புரையேறியது. தூங்கினால் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். சாத்திய கை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுதப்போவதில்லை. வெளியே பந்தி நடந்தது. பாயசம் நன்றாக இருந்தது என்று இன்றும் சொல்கிறார்கள்.

அந்த அறையில் உங்களுக்கு நினைவு இருந்ததா, அத்தான்? மைக்கில் சொன்னது காதில் விழுந்ததா? "நான் குடிக்கலை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்து திறந்து பார்த்தீர்களா?

தஞ்சாவூரில் டாக்டர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. இவர் கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது? அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது, அறிகுறி ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார். எல்லாவற்றையும் முதலில் பார்த்தவர்கள் வராந்தாவில் நின்றார்கள். "இப்பத்தான் சார், கொஞ்ச நேரம் முன்னாடி" என்றார் ஒருவர். ரீட்டாதான், நிச்சயப் பட்டோடு நின்று, "தட்டு சரிஞ்சப்ப மணி பன்னெண்டு, டாக்டர்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது.

லூர்துமேரியின் தங்கை, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் அடக்கத்துக்கு வந்தபோது என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "நான் அப்பவே நெனச்சேங்க. வாய் கோணுது, கை எறங்குது, பேச்சு கொழறுது, பக்கவாதமாத்தான் இருக்கும்னு. ஆனா நான் மாப்பிள்ளை வீட்டுக்காரி. பொண்ணு வீட்டுப் பெரியவரப் போயி சிரிங்க, கையத் தூக்குங்கன்னு எப்படிங்க சொல்றது? நல்லாவா இருக்கும்?"

நல்லாவா இருக்கும். நீங்கள் அப்போது பெட்டிக்குள் இருந்தீர்கள். பெட்டி நன்றாக இருந்தது.

ஆற்றில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்று என்ஜினீயரின் ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றவர் நீங்கள். "சார், தண்ணி உங்க ரிப்போர்ட்டுல ஓடுது, எங்க வாய்க்கால்ல ஓடல" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும், உங்கள் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனது எப்படி?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளில் பக்கவாத விழிப்புணர்வுப் பேரணி நடத்தினோம். பேனரில் உங்கள் படம் சிறியதாகவும் பேரணிக்குத் தலைமை தாங்கியவர் படம் பெரியதாகவும் இருந்தன. முகம், கை, பேச்சு, நேரம் என்று துண்டறிக்கை அடித்து, சவரிமுத்து அண்ணன் அதை இரண்டு தடவை உரக்க வாசித்தார். பிறகு ஆளுக்கு இரண்டு வடையை அந்தத் துண்டறிக்கையிலேயே மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறியதும் எழுத்து தாளின் மறுபக்கத்திலும் தெரிந்தது. அந்த வகையில் விழிப்புணர்வு இரட்டிப்பானது.

ரீட்டா ஒரு வடையும் சாப்பிடாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெங்களூரில்தான் இருக்கிறாள். கல்யாணம் நடந்தது, அத்தான். ஒரு வருஷம் கழித்து, மேளம் இல்லாமல். மாப்பிள்ளை ஜெரால்டு நல்ல பிள்ளை. சனிக்கிழமைகளில் இவர்களும் ஆபீஸ் நண்பர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் நான் மந்திரவாதி, நான் வில்வீரன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் இப்போது கதவை உடைக்கிறேன்" என்று வாயாலேயே உடைப்பார்கள். உடைந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். ஜெரால்டு குள்ளனாக ஆடுகிறாராம். ஆறடி உயரம்.

பேரணிக்கு அடுத்த நாள் ரீட்டா என்னிடம் சொன்னாள்: "மாமா, அறிகுறி எல்லாருக்கும் தெரியுது. அன்னைக்கே தெரிஞ்சுது, நர்ஸே இருந்தாங்க. தெரிஞ்சவங்களுக்கு வாய் வரல. அதுக்கு நோட்டீஸ் அடிச்சு என்னா பண்றது? பெரியவங்கள அதட்டிப் பழகணும். நெசத்துல பழக யாரு ஒத்துக்குவா? வெளாட்டுலதான் பழகணும்."

அப்படிப் பிறந்ததுதான் மடைக்கோட்டை. ஆற்றின் கடைசியில் ஒரு ராஜ்ஜியம். அங்கே அடைப்பி என்று ஒரு சூனியக்காரி. அவள் தொட்டால் ஆளுக்குள் ஒரு வாய்க்கால் அடைபடும்; தண்ணீர் போகாத வயல் காய்வது போல உடம்பில் ஒரு பக்கம் காயும். ஆடுகிறவர்கள் வீரன், வைத்தியன், ஒற்றன் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ராஜாவிடம் வாய் திறக்க வேண்டுமானால் பகடை உருட்ட வேண்டும். சிறிய எண் விழுந்தால் 'மரியாதை' என்கிற மயக்கம் பிடித்து, அந்தச் சுற்று முழுவதும் ஊமையாக நிற்க வேண்டும். வாயாடி என்று ஒரு வேடம் உண்டு. வாயாடிக்கு வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. பகடை உருட்டாமலே யாரிடமும் எதையும் சொல்லலாம் என்ற வரம் மட்டும் உண்டு. அந்த வேடத்தை எடுக்க யாரும் முன்வரவில்லை.

முதல் ஆட்டம் கோவில் மண்டபத்தில். ராஜாவாக உட்கார்ந்தவர் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் பன்னீர். பிளாஸ்டிக் நாற்காலியில், திருவிழாக் குடையின் கீழ். ஊரே வந்திருந்தது, எல்லார் மடியிலும் அந்தத் துண்டறிக்கை இருந்தது. ராஜா விருந்து கொடுக்கிறார் என்று ரீட்டா கதையைத் தொடங்கினாள். பன்னீர் வாயை ஒரு பக்கமாக இறக்கி, கையைத் தொங்கவிட்டு, "எழ்ழாரும் ஷாப்புடுங்க" என்றார்.

வைத்தியர் வேடத்தில் இருந்த டீச்சர் பகடையைத் தொடவே இல்லை. "ராஜாவுக்கு அசதியா இருக்கும். படுக்க வைப்போம்" என்றார்.

"சரி, படுக்க வச்சுட்டீங்க. ராஜா செத்துட்டாரு" என்றாள் ரீட்டா.

பன்னீர் ஒரு கண்ணைத் திறந்தார். "அதுக்குள்ளயாம்மா? பிரியாணி வருதுன்னீங்களே?"

மறுபடி ஆடினார்கள். ராஜாவின் மானத்தைக் காப்பாற்ற வீரன் திரையை இழுத்து மூடினார். ராஜா செத்தார். மறுபடி ஆடினார்கள். ஒற்றன் மந்திரியிடம் சொல்லி, மந்திரி ராணியிடம் சொல்லி, ராணி நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றார். ராஜா செத்தார். துண்டறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் மூன்று ராஜாக்களைக் கொன்றோம், அத்தான், அவ்வளவும் மரியாதையாக.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். உங்கள் மனைவி. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு கூட்டம் கூடும் இடத்தில் வாயைத் திறந்து அவள் பேசி யாரும் கேட்டதில்லை. நேரே பன்னீர் முன்னால் போய் நின்றாள்.

"யோவ் ராஜா! பல்லக் காட்டுய்யா!"

பன்னீர் மிரண்டுபோய் நிஜமாகவே பல்லைக் காட்டினார்.

"ரெண்டு கையயும் தூக்கு! தூக்குய்யா! நிக்கிறீங்களே எல்லாரும், மனுசன் போயிக்கிட்டிருக்கான், வண்டியக் கூப்புடுங்க!"

 யாரோ நிஜமாகவே போனை எடுத்துவிட்டார்கள். ரீட்டா ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதாயிற்று. மடைக்கோட்டையில் முதல் முறையாக ராஜா பிழைத்தார். அக்கா அந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

இதன் விளைவாகத்தான் ஆலோசனைக் குழு கூடியது. பகடை சிறிய பிரச்சினை. "வெளாட்டுதான், இல்லங்கல. ஆனா ராஜாவுக்கே நோய் வருதுன்னு காட்டுறது நல்லாவா இருக்கு? ராஜாவப் பாத்து யோவ்ங்கறது? நாளைக்கிப் பங்குச் சாமியாரப் பாத்து சொல்லுவாங்க" என்றார் சவரிமுத்து அண்ணன். சாமியார் ஏதோ சொல்ல வந்தார். மரியாதைக்காக அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

ஆகவே ஆட்டம் திருத்தப்பட்டது. ராஜாவுக்கு நோய் வராது. நோய் சூனியக்காரிக்கே வரும். வாயாடி நீக்கப்பட்டாள். திருவிழா மாலையில் இந்தத் திருத்திய ஆட்டத்தை மேடையில் போட்டார்கள். அடைப்பிக்கு வாய் கோணியது, கை இறங்கியது, பேச்சு குழறியது. உடனே வீரன் புளியங்கொட்டையை உருட்டி, வாளை உருவி, அவள் தலையை வெட்டினான். பலத்த கைதட்டல். பக்கவாதம் வந்தவரைக் கண்டால் தலையை வெட்ட வேண்டும் என்பதை அன்று நம் ஊர் கற்றுக்கொண்டது.

அக்கா கைதட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பழைய ஆட்டம், பகடையோடு, உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. ரீட்டா போனில் கதையை நடத்துவாள். பன்னீர் ராஜா. அக்கா எப்போதும் வாயாடி. ஆட்டம் இல்லாத நாட்களிலும் அவள் வேடத்தைக் கலைப்பதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பல்லைக் காட்ட வேண்டும், இரண்டு கையையும் தூக்க வேண்டும், ஒரு வாக்கியம் பேச வேண்டும், பிறகுதான் காப்பி. பங்குச் சாமியார் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார். அவருக்கு அது பழக்கம். சவரிமுத்து அண்ணன் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்களுக்கு நான் எழுத வந்தது.

ரீட்டா முழுகாமல் இருக்கிறாள். வளைகாப்பை எந்த வீட்டில் வைப்பது என்று பேச லூர்துமேரி சம்பந்தி பட்டுக்கோட்டையிலிருந்து வந்தார். மாப்பிள்ளையின் தாய். நம் ஊர்ப்பக்கம் யாராலும் எதுவும் சொல்ல முடியாத ஒரு பிறவி உண்டென்றால் அது அவர்தான். அன்று மைக்கில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அக்கா அவரோடு "வாங்க", "சாப்பிடுங்க", "போயிட்டு வாங்க" என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேசியதில்லை. அவரை மட்டும் அவள் பல்லைக் காட்டச் சொல்வதும் இல்லை. அன்றும் "வாங்க" என்றாள். காப்பி கொடுத்தாள். நானும் இருந்தேன். பன்னீர் குழாய் பார்க்க வந்திருந்தார்.

பேசிக்கொண்டிருக்கையில் காப்பி உதட்டோரமாக வழிந்து சம்பந்தியின் சேலையில் விழுந்தது. அவர் வலது கையால் துடைத்தார். இடது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. "பஸ்ஸுல ஒரே குலுக்கல்" என்றார். குலுக்கல் என்ற சொல் சரியாக வரவில்லை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  அவள் பேசாமல் இருந்திருந்தால் ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மரியாதை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"சம்பந்தி, பல்லக் காட்டுங்க."

"என்னா பேச்சு இது? மாப்பிள்ளையோட அம்மா நான்."

"யாரா வேணா இருங்க. பல்லக் காட்டுங்கங்கறேன். ரெண்டு கையயும் தூக்குங்க!"

கோபத்தில்தான் தூக்கினார், அடிக்க வருவது போல. வலது கை மேலே போனது. இடது கை பாதி போய் விழுந்தது.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "தம்பி, மணி பதினொன்னு பத்து, ஞாபகம் வச்சுக்க. வண்டியக் கூப்புடு. தண்ணி, காப்பி எதுவும் வாயில ஊத்தாதீங்க. பன்னீரு, இவங்க தெருவுல வரையில நல்லாத்தான வந்தாங்க?"

"நல்லா வந்தாங்கக்கா. பைப்புத் தண்ணி வழியில ஓடுதுன்னு என்னயத் திட்டிட்டுதான் வந்தாங்க. தெளிவாத் திட்டுனாங்க."

"அது எப்ப?"

"இப்பத்தான், மோட்டார் நிறுத்துனேன்ல, பதினொரு மணிக்கு."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் சம்பந்தி விடவில்லை. "எம்மவங்கிட்ட ஷொழ்றேன், ஷொழ்றேன்" என்றார்.

"சொல்லுங்க. சொல்றதுக்கு வாய் வேணும்ல, பேசாம படுங்க" என்றாள் அக்கா.

தஞ்சாவூரில் அதே கேள்வி. அக்கா பதினொரு மணி என்றாள், திட்டியதைக்கூடச் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். உங்களைக் கிடத்தியிருந்த அதே வராந்தாவில் அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். திரும்பும்போது மன்னார்குடி தாண்டும்வரை வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அன்னைக்கும் ஒரு வார்த்தைதான் தம்பி. அவ்வளவுதான் வேண்டியிருந்துது" என்றாள்.  

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அத்தான். பேரப்பிள்ளை பேசத் தொடங்கியதும் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள், கொடுக்கட்டும். பெரியவர்களைப் பார்த்து "பல்லக் காட்டுங்க" என்று சொல்ல நான் கற்றுக்கொடுப்பேன். நம் வீட்டில் எந்த ராஜாவிடமும் வாய் திறக்கப் பகடை உருட்ட வேண்டியிருக்காது. புளியங்கொட்டையும்.

லூர்துமேரி சம்பந்திக்குப் பேச்சு முழுவதும் திரும்பிவிட்டது. சென்ற ஞாயிறு வளைகாப்புப் பந்தியில், நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் காலையிலேயே குடித்துவிட்டு வந்திருந்ததைப் பக்கத்து இலைக்காரரிடம் ஒரு சொல் குழறாமல் சொன்னார்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் மைத்துனன்,
அருளப்பன்